நாலு பின் கியர், ஒரு முன் கியர்

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. அதற்கப்புறம் தெரு முழுக்க அவன் டூப்பு. வாயைத் திறந்தால் டூப்பு விடுவான் என்பதால் கிடைத்த பட்டம். படித்து வாங்க முடியாததைப் பொய் சொல்லியாவது வாங்கிவிட்டோமே என்று அவனே சொல்லிச் சிரித்துக்கொள்வான்.

வயது பத்தொன்பது. பழைய ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கடையில் வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குகிற வேலை. கடைக்காரர் புது வண்டி எடுத்ததும், பழைய பிக்கப்பை, "நீயே வச்சுக்கோ, என் கண்ணுல படாம இருந்தாப் போதும்" என்று அவனிடம் தள்ளிவிட்டார். கடைக்கு வருவதற்கு முன்னால் அந்த வண்டி முட்டை சுமந்த வண்டி. வெயில் ஏறினால் இன்றைக்கும் உள்ளே முட்டை நாற்றம் கிளம்பும். "சென்ட் தனியா அடிக்க வேண்டியதில்ல" என்பான் டூப்பு.

அதைத்தான் ஒரு மாதமாகக் காட்டுப் பாதையில் ஓடுகிற வண்டியாக மாற்றிக்கொண்டிருந்தான். கேட்டவர்களிடம், பழைய கல்குவாரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சேறு கிளப்பி ஓட்டும் கூட்டத்தோடு சேரப்போவதாகச் சொன்னான். முன் பம்பரை அறுத்து உயர்த்தினான். உடைக்கப் போட்டிருந்த ஜீப்பிலிருந்து பெரிய பல் வைத்த டயர்கள் நான்கைப் பிடித்தான். ஓடையில் இறங்கும்போது எஞ்சின் தண்ணீர் குடித்துவிடாமல் இருக்க, காற்று இழுக்கிற குழாயைக் கூரை உயரத்துக்கு நீட்ட வேண்டும். அதற்கென்று விற்கிற சாமான் கைக்கு எட்டவில்லை; குளியலறைக்குப் போடுகிற பிளாஸ்டிக் பைப்பைச் சூடு காட்டி வளைத்து மாட்டினான். கல் இடித்து அடிவயிறு கிழியாமல் இருக்க ஒரு தகடு வேண்டும். மூடிப்போன பல் ஆஸ்பத்திரியின் இரும்புப் பெயர்ப்பலகை கிடைத்தது. "வலியில்லாமல் பிடுங்கப்படும்" என்ற எழுத்துகள் தரையைப் பார்த்தபடி வண்டிக்கு அடியில் போய்ச் சேர்ந்தன.

மொத்தத்தில், எதிரே வருகிறவன் பயந்து ஒதுங்குவானா, பரிதாபப்பட்டு ஒதுங்குவானா என்று சொல்ல முடியாத ஒரு தோற்றம்.

குவாரியும் கிடையாது, கூட்டமும் கிடையாது. அது டூப்பு விட்ட டூப்பு. வண்டி அவன் அக்காவுக்காக.

அக்கா அவனைவிட ஐந்து வயது மூத்தவள். அவனோடு பேசிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. பதினான்கு மாதத்துக்கு முன்னால் அவள் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, மலைமேல் இருக்கும் மழை அளக்கும் நிலையத்து வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்தாள். ஒரு நாள் டூப்பு வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, அதிகாரி மாதிரி குரலைக் கனமாக்கி அவளுக்குப் போன் போட்டான். "நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள்." அக்கா குதித்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நேராகக் கடைக்குப் போய் வேலையை விட்டுவிட்டு வந்தாள். நாலு மணி நேரம் கழித்துத்தான் டூப்புக்கு உண்மை சொல்ல வாய் வந்தது. மறுநாள் அவள் அதே கடை வாசலில் போய் நின்று, வேலையைத் திரும்பக் கேட்டு, கடைக்காரரின் சிரிப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்றோடு சரி. ஒரே வீடு, ஒரே குழாய், ஒரே அம்மா. அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், அவன் முன்னாலேயே நின்றுகொண்டு அம்மாவிடம் சொல்வாள்.

"அம்மா, குளிச்சிட்டு வாளியைக் கவுத்து வைக்கச் சொல்லு."

"அவ சொல்றா பாரு, வாளியைக் கவுத்து வையி" என்பாள் அம்மா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். தலையணை உறை தைப்பது அம்மாவின் தொழில். இந்த அஞ்சல் வேலை சம்பளமில்லாத உபரித் தொழில்.

இப்போது அந்த வேலை அக்காவுக்கு நிஜமாகவே கிடைத்துவிட்டது. கடிதத்தை அவள் மூன்று பேரிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னாள், அலுவலகத்துக்கே போய் விசாரித்தாள், அப்புறம்தான் நம்பினாள். நிலையத்துக்குப் போகிற வழி பதினொரு கிலோமீட்டர் மலைப் பாதை. கல்லும் பள்ளமும் ஓர் ஓடையும். லாரி ஏறாது. இதையெல்லாம் டூப்பு விசாரித்து வைத்துக்கொண்டுதான் வண்டியில் கை வைத்தான். அவள் சாமான்களைத் தன் வண்டியில் ஏற்றி மேலே சேர்த்துவிட்டால், தன்னை மறுபடி ஒரு மனுஷனாக நினைப்பாள் என்று ஒரு கணக்கு. மன்னிப்புக் கேட்பதை விட வண்டி செய்வது சுலபமாகப் பட்டது. டூப்பு மன்னிப்புக் கேட்டால் யார் நம்புவார்கள்?

கடைசியாக ஒரு வேலை பாக்கி. வண்டியின் பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்த வேண்டும். இரும்புப் பட்டைகளை அடுக்கின ஸ்பிரிங், பின் அச்சுக்குக் கீழே இருந்தது. அதை அச்சுக்கு மேலே கொண்டுவந்தால் வண்டி தானாக உயரும். ஆனால் பட்டை வந்து உட்காருகிற மேடை அச்சின் கீழ்ப்பக்கத்தில்தான் இருந்தது. மேல்பக்கத்தில் புதிதாக இரண்டு மேடை வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும். பக்கத்துப் பட்டறையில் ஒரு வெல்டர் உண்டு. அவரிடம் போக டூப்புக்கு முகமில்லை. போன வருஷம் அவருடைய முகமூடிக் கண்ணாடிக்கு உள்ளே கறுப்புத் தாள் ஒட்டி, "ஐயோ, கண்ணு போச்சே!" என்று மனுஷனை அலறவிட்டவன் அவன்.

அச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போது மூளை என்ற ஒன்று தனக்கும் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு யோசனை உதித்தது. மேடை கீழே இருக்கிறது. அச்சை அப்படியே தலைகீழாகப் புரட்டி மாட்டினால்? மேடை மேலே வந்துவிடும். வெல்டிங்கே வேண்டாம். இத்தனை வருஷம் இத்தனை மெக்கானிக்குகள் இதை யோசிக்கவில்லையே என்று அவர்களுக்காக வருத்தப்பட்டான்.

ஜாக்கி வைத்து, கல் கொடுத்து, இரண்டு நாள் மல்லாக்கப் படுத்து மாட்டி முடித்தான். டயரைப் போட்டு வண்டியைக் கீழே இறக்கியது, அக்கா கிளம்புகிற அன்று காலை பதினோரு மணிக்கு. ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

ஏனென்றால் அதே பதினோரு மணிக்கு, அக்கா பேசி வைத்திருந்த ஜீப்காரர், வண்டி படுத்துவிட்டது என்று போன் செய்தார். அக்கா போனை வைத்துவிட்டுக் கொல்லையில் நின்ற பிக்கப்பைப் பார்த்தாள்.

"அம்மா, ஜீப்காரருக்கு இவன் ஏதாவது போன் பண்ணினானான்னு கேளு."

"போன் பண்ணினியாடா?"

"சத்தியமா இல்லம்மா!"

"சத்தியமாங்கிறான்" என்றாள் அம்மா.

"அப்ப பண்ணியிருக்கான்" என்றாள் அக்கா.

ஆனால் வேறு வழியில்லை. முன்னால் இருந்தவர் காலையிலேயே நிலையத்தைப் பூட்டிவிட்டு இறங்கிவிட்டார். அன்று மாலை ஐந்தரை மணிக்கு எடுக்க வேண்டிய மழை அளவிலிருந்து அக்காவின் பொறுப்பு. முதல் நாள், பதிவேட்டில் முதல் வரி. அது காலியாகக் கிடந்தால், வேலையில் சேரவில்லை என்று மேலிடத்துக்குத் தகவல் போகும்.

கட்டில், பீரோ, இரண்டு டிரங்குப் பெட்டி, மேஜை, அடுப்பு, சிலிண்டர். எல்லாம் ஏற்றிக் கயிறு கட்ட மணி ஒன்றே முக்கால். வண்டி உயர்ந்துபோயிருந்ததால் அக்கா ஸ்டூல் போட்டு ஏறி உட்கார்ந்தாள். டூப்பு கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டான்.

வண்டி கம்பீரமாகப் பின்னால் போனது.

கொடியில் காய்ந்துகொண்டிருந்த நாலு போர்வையையும் கொடியோடு வாரிக்கொண்டு, கொல்லைச் சுவரில் மெத்தென்று முட்டி நின்றது. கியர் மாறி விழுந்திருக்கும் என்று அவன் இரண்டாவதைப் போட்டான். சுவர் இன்னொரு முறை முட்டு வாங்கியது. மூன்றாவதைப் போட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக நேராகப் பார்த்தபடி, வெளியே நின்ற அம்மாவிடம் சொன்னாள். "கேட்டியாம்மா? நான் வேலைக்குச் சேர்ற நாள்லயும் இவனுக்கு விளையாட்டுதான்."

குரல் உயரவில்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"அக்கா, நான் பண்ணலக்கா! வண்டிதான்..." என்றான் டூப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அது அவன் காதுக்கே டூப்பு மாதிரிதான் கேட்டது.

சுவர் முட்டின சத்தத்துக்கு வெல்டர் பட்டறையிலிருந்து வந்தார். போர்வை போர்த்தின பிக்கப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து அடியில் பார்த்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டேய், அச்சையே தலைகீழா மாட்டியிருக்கியேடா!"

"வெல்டிங் மிச்சம்னு நினைச்சேண்ணே."

"மிச்சம்தான்! உள்ள இருக்கிற பல்சக்கரமும் சேர்ந்து புரண்டுடுச்சு. எஞ்சின் முன்னாடி சுத்தினா டயர் பின்னாடி சுத்தும். உனக்கு இப்ப நாலு பின் கியர், ஒரு முன் கியர். ஊர்லயே ஒரே வண்டி!"

"சரி பண்ண முடியுமாண்ணே?"

"நாளைக்கு மத்தியானம் ஆகும்."

வெல்டர் சிரிப்பை விட்டுவிட்டு, கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த அக்காவிடம் திரும்பினார். "ஏம்மா, இவன் மேல எனக்கு இருக்கிற கோபம் உனக்கே தெரியும். ஆனா இது விளையாட்டில்லம்மா. இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை எவனாலயும் வேணும்னு பண்ண முடியாது."

அவனைப் பற்றி யாரும் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

அக்காவின் கை கயிற்றில் நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அம்மா, ரிவர்ஸ் கியர் போட்டா வண்டி முன்னால போகுமான்னு கேளு."

"போகும்" என்றார் வெல்டர். "ஆளு ஓடுற வேகம்தான் போகும். அச்சு கவுந்து கிடக்கிறதால மேல் ஓட்டை வழியா ஆயில் சொட்டும், அதை நான் அடைச்சுத் தரேன். மேல போய்ச் சேரும். திரும்பி வருமான்னு கேக்காத."

அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

டூப்பு ரிவர்ஸ் கியரைப் போட்டான். வண்டி முன்னால் நகர்ந்தது. கூடவே, பின்பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் குரல் தெரு முழுக்க அறிவித்தது: "கவனிக்கவும். வண்டி பின்னால் வருகிறது. கவனிக்கவும். வண்டி பின்னால் வருகிறது."

முட்டைக்காரர் காலத்தில் மாட்டினது. ரிவர்ஸ் கியர் விழுந்தால் அது பேசும். கியரை எடுக்கிற வரை பேசும்.

அப்படியே தெருவைக் கடந்தார்கள். கடைத்தெருவைக் கடந்தார்கள். வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது, வண்டி பின்னால் வருவதாகச் சொல்லிக்கொண்டும் இருந்தது. முதலாளிக்கு ஏற்ற வண்டி என்று டூப்பு நினைத்துக்கொண்டான். பின்னால் சைக்கிளில் வந்த ஒருவர் அறிவிப்பைக் கேட்டுப் பதறி, தன்னை விட்டு விலகிப் போகிற வண்டிக்குப் பயந்து சைக்கிளோடு சாக்கடை ஓரம் குதித்தார். அடுத்த முனையில் ஒரு பாட்டரி ரிக்‌ஷா ஒலி எழுப்பியபடி பத்தடி பின்வாங்கியது.

அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று டூப்பு ஓரக்கண்ணால் பார்த்தான். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"அதை நிறுத்துடா."

பதினான்கு மாதத்தில் நேராக வந்த முதல் வார்த்தை. டூப்பு வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப் போய், ஸ்பீக்கர் ஒயரைப் பல்லால் கடித்து அறுத்தான். கத்தி வண்டியிலேயே இருந்தது. அதைத் தேடுவதற்குள் அவள் மனசு மாறிவிடுமோ என்று பயம்.

மலைப் பாதை தொடங்கிய இடத்தில் தூறலும் தொடங்கியது. ஓடையில் தண்ணீர் கதவு வரை ஏறியது. குளியலறை பைப் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்று மூச்சு வாங்கியது, எஞ்சின் நிற்கவில்லை. கல் ஒவ்வொன்றும் பல் ஆஸ்பத்திரிப் பலகையில் உரசும்போது உண்மையிலேயே பல் கூசியது. செங்குத்தான ஏற்றத்தில் உருளைக் கற்கள். ஒழுங்காக இருந்திருந்தால் அவன் அங்கே இரண்டாவது கியரில் வீரம் காட்டி, பீரோவோடு பள்ளத்துக்குப் போயிருப்பான். இப்போது அந்த வசதி இல்லை. இருக்கிற ஒரே கியர், வண்டியிலேயே மெதுவான கியர். பெரிய டயர் ஒவ்வொரு கல்லாகப் பிடித்துப் பிடித்து ஏறியது. தன் புத்திசாலித்தனம் எங்கே தோற்றதோ அங்கே முட்டாள்தனம் வேலை செய்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

பாதி ஏற்றத்தில் எஞ்சின் கொதித்தது. நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஆறுவதற்குக் காத்திருந்தார்கள். அக்கா ஒரு பாறையில் உட்கார்ந்தாள். டூப்பு எதிரே குத்துக்காலிட்டான்.

"ஏன்டா அப்படிப் பண்ணின?" என்றாள்.

எதை என்று அவன் கேட்கவில்லை. சும்மா, ஜாலிக்கு என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கினான்.

"நீ தினமும் அந்த போனையே பாத்துக்கிட்டு இருந்த. சாப்பிடும்போதும் தட்டுப் பக்கத்துலயே வச்சிருப்ப. ஒரு அஞ்சு நிமிஷம் நீ சந்தோஷமா இருக்கிறதைப் பாத்துட்டுச் சொல்லிடலாம்னு நினைச்சேன்."

"அஞ்சு நிமிஷம்."

"நீ அம்மாவைத் தூக்கிச் சுத்தின. அப்ப எப்படிக்கா சொல்றது? சரி, கொஞ்சம் கழிச்சுன்னு பாத்தா, செருப்பை மாட்டிக்கிட்டு கிளம்பிட்ட. நீ இனிப்பு வாங்கப் போறன்னு நினைச்சேன்."

"வேலையை விடப் போனேன்."

"தெரியாதுக்கா."

"திரும்பி வந்தப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சு."

"உனக்கா? யாரைப் பாத்து பயம், என்னைப் பாத்தா?"

"உன் மூஞ்சி மாறுமே, அதைப் பாக்க."

மன்னிச்சிடு என்கிற வார்த்தை தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. வண்டியிலிருந்து தொற்றிக்கொண்ட வியாதியாக இருக்கலாம். அக்கா நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. எழுந்து போய், சக்கரத்துக்கு வைத்த கல்லைத் தானே எடுத்துப் போட்டாள்.

"ஆறிடுச்சு. எடு."

நிலையத்து வேலிக்கு வந்து சேரும்போது மணி ஐந்து இருபத்து நாலு. அச்சுக்கு வெல்டர் வைத்த அடைப்பு எங்கேயோ விழுந்துபோய், கடைசி அரைக் கிலோமீட்டர் வண்டி ஆயிலை வழியெல்லாம் தெளித்துக்கொண்டு ஊளையிட்டபடி வந்தது. வேலியைத் தாண்டினதும் கடகடவென்று ஏதோ உடைந்து, அப்படியே நின்றது.

அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு அறைக் கட்டடத்துக்கு ஓடினாள். பூட்டில் சாவி சுற்ற மறுத்தது. உள்ளே போய், பீரோவைத் திறந்து, பதிவேட்டை எடுத்து, மேல் வரியில் பெயரும் தேதியும் நேரமும் எழுத வேண்டும். வெளியே போய் மழைமானியில் விழுந்த தண்ணீரை அளக்கவும் வேண்டும். கையில் இருந்தது ஆறு நிமிஷம். பூட்டு திறந்தபோது மூன்று.

உள்ளிருந்து ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"வேலிக்குள்ள தகர உருளை இருக்கு பாரு. புனலைத் தூக்கிட்டு, உள்ள இருக்கிற தண்ணியை இதுல ஊத்து. கண்ணு மட்டத்துக்கு வச்சுக் கோடு பாரு. ஓடு!"

ஓடினான். உருளைக்குள் தூறல் தண்ணீர் இருந்தது. ஊற்றினான். மண்டியிட்டு, குவளையைக் கல்லின் மேல் வைத்து, கோட்டுக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோனான். மூன்றுக்கு மேல் ஆறு சின்னக் கோடு. மறுபடி எண்ணினான். மறுபடியும் ஆறு. நாற்பது என்று சொன்னால் மேலிடம் வெள்ளம் என்று அலறும் என்று ஒரு பழைய டூப்பு உள்ளே லேசாகத் தலை தூக்கியது. அவன் அதைத் தலையில் தட்டி உட்கார வைத்தான்.

தான் சொன்னால் நம்ப மாட்டாள் என்று, ஒரு சொட்டும் சிந்தாமல் குவளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான். அவள் பார்க்க வசதியாகக் கம்பிக்கு அருகே தூக்கிப் பிடித்தான்.

அக்கா பதிவேட்டின் மேல் குனிந்திருந்தாள். கையில் மைப் பேனா. எழுதினதை அடிக்கக்கூடாது, அழிக்கக்கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது. அவள் தலையைத் தூக்கவில்லை.

"எவ்வளவுடா?"

"இதோ பாருக்கா, கோடு..."

"மணி ஆச்சு. சொல்லு."

"மூணு புள்ளி ஆறு."

பேனா ஓடியது. மூன்று. புள்ளி. ஆறு. கீழே கையெழுத்து. மேலே கடிகாரம் ஐந்தரை அடித்தது. அவள் மை காய ஊதிவிட்டு, அடுத்த பக்கத்தில் எதையோ படிக்க ஆரம்பித்தாள். டூப்பு இன்னும் குவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"என்னடா நிக்கிற? எழுதியாச்சு. கொட்டிடு" என்றாள் அக்கா.